தவிடு மட்டும்தான் பொய்

வாசல் ஆரஞ்சு மரத்தில் ரீங்காரம் சட்டென்று நின்றது. அரசி மட்டும்தான் அதைக் கவனித்தாள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்கிறவர்களுக்குக் காது எங்கே கேட்கிறது?

சிரிப்புக்குக் காரணம் ஒன்றும் பிரமாதமில்லை. பிள்ளை வளர்க்கிற எந்த வீட்டிலும் நடக்கிறதுதான். திருப்பூரிலிருந்து வந்திருந்த கொழுந்தன் காசிராஜன், வாழைக்காய் பஜ்ஜியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே செண்பாவை வம்புக்கு இழுத்தான். செண்பாவுக்கு ஏழு வயசு. ஒரு இடத்தில் கால் பாவாது.

"ஏ கழுதை, உனக்கு விசயம் தெரியுமா? நீ உங்கம்மா பெத்த பிள்ளையே இல்ல. உன்னையத் தவிட்டுக்கு வாங்குனது."

"போங்க சித்தப்பா."

"நெசமாத்தான்டி. ஒரு படித் தவிட்டக் குடுத்துட்டு உன்னையத் தூக்கிட்டு வந்தாங்க. வேணும்னா உங்கம்மாகிட்டக் கேளு."

செண்பா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "நெசமாம்மா?"

அங்கே அரசி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். 'சும்மா சொல்றாருடி' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அவள் புருசன் தங்கதுரை காப்பி டம்ளரை வாய்க்கிட்டே வைத்தபடி குடிக்காமல் இருந்தான். தம்பி காசியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரித்துச் சமாளிக்காவிட்டால் எங்கே சந்தேகம் வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்தில் நாக்கு தானாக ஓடியது.

"ஆமாடி. நீ எங்க பிள்ளையே இல்ல. தவிட்டக் குடுத்து வாங்கிட்டு வந்தோம். சேட்டை பண்ணினா கன்னிமார்கிட்டக் குடுத்துருவோம், பாத்துக்க."

காசி கைகொட்டிச் சிரித்தான். தங்கதுரையும் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்றைச் செய்தான். செண்பா சிரிக்கவில்லை. மரத்தில் ரீங்காரம் நின்றது அப்போதுதான்.

கன்னிமார் யாரென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே போக முடியாது. ஓடைக்கரையில் ஏழு கல்லாக நிற்கிறார்களே, அவர்கள் இல்லை. தேனீ செத்துப்போன பிறகு வந்தவர்கள். குயிலங்கொம்பை மலையில் தேனீ அற்றுப்போய், காப்பி காய்க்காமல், ஆரஞ்சு பூத்துப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு கம்பெனிக்காரன் விரல் நகம் அளவுக்குப் பறக்கும் பொறிகளை லட்சக்கணக்கில் கொண்டுவந்து சோலைக்காட்டில் விட்டான். பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கும். பிளாஸ்டிக்கைப் பொறுக்கும். தாயை இழந்த மான்குட்டியைச் சுற்றி உட்கார்ந்து சூடு கொடுக்கும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சின்ன வெளிச்சம். தனித்தனியாக எதற்கும் அறிவு கிடையாது, கூடினால் உண்டு. ஏழு கூட்டமாகக் கூடி ஒரே குரலில் பேசும்.

வந்த புதிதில் ஜனங்கள் அதை விளக்குமாற்றால் அடித்தார்கள். பிடித்துக்கொண்டுபோய்ப் பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டவர்களும் உண்டு. எந்திரத்துக்கு நம்ம ஊரில் என்ன மரியாதை? சாமிக்கு உண்டு, பேய்க்கு உண்டு. அதனால் இந்தப் பொறிகளுக்கு ஒரு குணமும் ஒரு கதையும் வேண்டும் என்று கம்பெனி ஆள் தேடியது. கிடைத்தவள்தான் மங்கையர்க்கரசி, நம்ம அரசி.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு உலகம் கட்டிக் கொடுப்பது அவள் தொழில். எந்த மலையில் யார் குடியிருப்பார்கள், என்ன தின்பார்கள், எதற்குக் கோபப்படுவார்கள் என்று உட்கார்ந்து யோசித்துக் கட்டுவாள். தேவதை என்றால் அவளுக்குக் கிறுக்கு. பல தேசத்துக் கதையையும் படித்துப் பார்த்து அவள் கண்டுகொண்டது ஒன்றுதான். இறக்கையும் மந்திரக்கோலுமாக வந்து வரம் கொடுக்கிறதெல்லாம் பிள்ளையைச் சோறு தின்ன வைக்கிற கதை. பழைய தேவதை அப்படி இல்லை. மேற்கே தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை மாற்றிவிட்டுப் போகிறதும் சரி, நம் மலையருவியில் குளிக்கிற வரையரமகளிர் என்ற மலைத்தெய்வப் பெண்களும் சரி, ஒரே இனம். நல்லதும் கிடையாது, கெட்டதும் கிடையாது. கறார். சொன்ன சொல்லிலிருந்து ஒரு நூல் நகராது.

அந்தக் கறாரை அப்படியே பொறிகளுக்குள் எழுதி வைத்தாள். பொய் சொல்லக் கூடாது. அடுத்தவன் பொய்யைக் குரலிலேயே கண்டுபிடிக்க வேண்டும். ஒருவருக்குச் சொந்தமானதைத் தொடக் கூடாது. யாருக்கும் சொந்தமில்லாமல் சோலைக்குள் வருவது அவர்களுடையது, அதைக் கண்ணுக்குள் வைத்துக் காக்க வேண்டும். எடுத்துப்போக எவனாவது வந்தால் வழியை மறைத்துச் சுற்ற விட வேண்டும். எழுதின கொஞ்ச நாளிலேயே ஜனங்கள் கன்னிமார் என்று பேர் வைத்து, சோலை முகப்பில் சூடம் கொளுத்த ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு பொறிகூட எடைக்குப் போகவில்லை. அரசிக்கு அப்போது தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமையெல்லாம் இப்போது எங்கே போச்சோ. பஜ்ஜித் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் செண்பாவைக் காணோம். ஆரஞ்சு மரத்தில் ஒரு வெளிச்சம்கூட இல்லை. வாசல் படியில் செருப்பு இருந்தது. பக்கத்தில் கண்ணாடி வளையல், ரிப்பன், கொலுசு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் எல்லாவற்றையும் நாலு திசையிலும் வீசுகிற பிள்ளை, வரிசையாகக் கழற்றி அழகாக வைத்துவிட்டுப் போயிருந்தது.

தங்கதுரையும் காசியும் டார்ச்சை எடுத்துக்கொண்டு சோலைக்கு ஓடினார்கள். அரசி ஜெயசீலனுக்குப் போன் போட்டாள். கன்னிமாரைப் பராமரிக்கிற இன்ஜினியர், கீழே கம்பெனி ஆபீசில் இருப்பவன். ஆரம்ப காலத்திலிருந்து அவளோடு வேலை பார்த்தவன்.

"ஜெயா, எல்லாத்தையும் நிறுத்துடா. பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருச்சுடா."

"அக்கா, பதறாதீங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

சொன்னாள். அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. நிம்மதிப் பெருமூச்சு.

"அக்கா, தவிட்டுக்கு வாங்குனதுன்னு சொல்லாத வீடு எது? எங்கம்மா என்னையச் சொல்லியிருக்காங்க. அதையெல்லாம் சோதிச்சுப் பாத்துட்டுத்தானே வெளிய விட்டோம்? கேலி வேற, நெசம் வேறன்னு குரல்லயே பிரிச்சுரும். இந்த மலையில எத்தனை வீட்டுல சொல்லியிருப்பாங்க! ஒரு பிள்ளையத் தொட்டிருக்கா?"

அரசி போனோடு வாசலுக்கு நடந்தாள்.

"வேற ஏதோ இருக்கணும்க்கா. குடிச்சுட்டுச் சோலைக்குள்ள விழுந்து கிடந்தாரே அந்தக் காண்ட்ராக்டர், அவரையே வெளிச்சம் காட்டிக் கொண்டாந்து ரோட்டுல விட்டுச்சு. நீங்க எழுதினதுதான். தனக்குன்னு ஒண்ணு வச்சிருக்கிறவன் ஆளு, அவன் யாருக்கும் பொருள் ஆக மாட்டான். அவர் கால்ல கிடந்த செருப்பு போதும்னு விட்டுருச்சு. செண்பா கையில ஒரு வளையலாவது கிடக்கும்ல?"

அரசி படியைப் பார்த்தாள். வளையல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருந்தது.

"நிறுத்திருடா ஜெயா. உன் கால்ல விழுறேன்."

"நிறுத்தலாம்க்கா. ஆனா யோசிங்க. பனி இறங்குது. உள்ள காட்டுமாடு இருக்கு, சிறுத்தை இருக்கு. இப்ப பிள்ளைக்குச் சூடு குடுக்கிறதும் அதுதான், சிறுத்தைய அண்ட விடாம வச்சிருக்கிறதும் அதுதான். நான் நிறுத்துன நிமிசம் பிள்ளை நடுக்காட்டுல தனியா நிக்கும். நீங்க போய்ப் பேசுங்க. உங்க கன்னிமார்தானே?"

அதுதான் பயமே. வேறு யாராவது கட்டின உலகம் என்றால் ஏதாவது சந்து பொந்து இருக்கும் என்று நம்பிப் போகலாம். இதில் எங்கேயும் சந்து இல்லை என்று அவளுக்குத்தானே தெரியும்.

அரசி சோலை முகப்புக்குப் போனாள். தங்கதுரையும் காசியும் உள்ளே எந்தப் பக்கம் நுழைந்தாலும் நுழைந்த இடத்துக்கே வந்து நின்றார்கள். காசி முகப்புக் கல்லில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். "மதினி, நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். சாமி சத்தியமா விளையாட்டுக்குத்தான்."

"உங்க மேல தப்பில்ல தம்பி," என்றாள் அரசி. அது உண்மை.

தங்கதுரை அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான். எஸ்டேட் மேனேஜர், நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிற மனுசன். இப்போது குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அரசி, கன்னிமாருக்கு அந்த விசயம் தெரியுமோ?"

"முதல்லருந்தே தெரியுங்க. நாமதான் யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம்."

வீட்டுக்கு ஓடி, மாட்டுத் தொழுவத்தில் ஒரு துணிப்பையில் தவிட்டை அள்ளினாள். கொலுசையும் வளையலையும் மடியில் முடிந்தாள். "நீங்க வராதீங்க," என்று முகப்பில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள்.

சோலைக்குள் பனிமூட்டம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. பறவைச் சத்தம் இல்லை, சில்வண்டு இல்லை. தான் மூச்சு விடுகிறதே யாரோ பக்கத்தில் நின்று விடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. கொஞ்ச தூரம் போனதும் கால்மாட்டில் ஒரு வெளிச்சம், முழங்கால் உயரத்தில் ஒன்று, தலைக்கு மேலே ஒன்று. பிறகு எங்கு பார்த்தாலும்.

"அரசி," என்றது குரல். அவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த குரல்தான். அன்பான குரல் வேண்டும் என்று கேட்டு வாங்கியது. "எதற்கு வந்தாய்?"

"என் பிள்ளையக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

அத்தனை வெளிச்சமும் அணைந்தது. எதிரே இருந்த ஒற்றையடிப் பாதை இருந்த இடம் தெரியவில்லை. கையை நீட்டினாள், ஈர மரப்பட்டை தட்டுப்பட்டது. இந்த இடத்தில் மரமே இல்லையே!

"மறுபடி சொல்," என்றது குரல்.

"நான் பெத்த பிள்ள. பத்து மாசம் சுமந்து..." முடிக்கக்கூட இல்லை. பின்னாலும் வழி போய்விட்டது. நாலு பக்கமும் ஒரே கறுப்பு. ஏதோ ஒன்று சருகை மிதித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்து போனது. பெரிய உடம்பு.

பயத்தோடு பயமாகத் தன் கெட்டிக்காரத்தனத்தைத் திரட்டினாள். எழுதினவள் அல்லவா? சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்றால் சொல்லை வைத்தே மடக்க வேண்டியதுதான்.

"சரி. தவிட்டுக்கு வாங்குனதுன்னு நானே சொன்னேன். நீங்களும் கேட்டீங்க. விலை தவிடுதான். இந்தா கொண்டாந்திருக்கேன். வாங்கிக்கிட்டுப் பிள்ளையக் குடுங்க. நான் சொன்ன சொல்லுக்கு நீங்க கட்டுப்படணும்."

ஒரே ஒரு வெளிச்சம் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லப்பட்ட பிள்ளைகள் இந்த மலையில் நிறைய. அங்கே சொன்னது முழுக்கப் பொய். அதனால் ஒரு பிள்ளையையும் நாங்கள் அழைத்ததில்லை," என்றது குரல், அதே அன்போடு. "நீ சொன்னதில் தவிடு மட்டும்தான் பொய்."

அரசி அப்படியே சருகில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சுகிற சின்னச் சத்தம், ரொம்பக் கிட்டத்தில். செண்பாவுக்குச் சளி பிடித்தால் இப்படித்தான் உறிஞ்சுவாள். பிள்ளை பக்கத்தில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று அரசிக்குத் தெரிந்துவிட்டது. பொய்க்குத்தான் வழி மூடும். உண்மைக்குத் திறக்கும். உண்மையைச் சொன்னால் பிள்ளையின் முகத்தைப் பார்க்கலாம். ஆனால் அதற்கப்புறம் அந்தப் பிள்ளை இவள் முகத்தைப் பார்க்குமா? ஏழு வருசமாக அவள் எதற்குப் பயந்து பயந்து செத்தாளோ, அது இப்போது எதிரே வந்து நின்றது. அதைத் தன் வாயாலேயே கூப்பிட வேண்டும்.

"அவ நான் பெத்த பிள்ள இல்ல," என்றாள்.

காலடியில் ஒரு வெளிச்சம் எரிந்தது. அரசி எழுந்து ஒரு அடி வைத்தாள்.

"மண்ணு சரிஞ்சப்ப, எஸ்டேட்டுக் கூலிக்காரங்க இருந்த லயன் வீட்டோட ஒரு குடும்பம் புதைஞ்சு போச்சு. ஜார்க்கண்டுலருந்து காப்பி பறிக்க வந்த புருசன் பொஞ்சாதி. மறுநாள் நான் மட்டும் அந்தப் பக்கமா போனேன். நீங்கதான் வெளிச்சம் காட்டினீங்க. அங்க கைப்பிள்ளை கிடந்துச்சு. உசிரோட."

இன்னொரு வெளிச்சம். இன்னொரு அடி.

"எங்களுக்குப் பிள்ளை இல்ல. யாருகிட்டயும் சொல்லல. செத்தவங்க கணக்குல பிள்ளையவும் சேத்துக்கிட்டாங்க, எங்க வீட்டுக்காரரு மேனேஜரா இருந்தும் சும்மா இருந்துட்டாரு. சொந்தக்காரங்ககிட்ட நான் பெத்ததுன்னு சொன்னோம்."

வெளிச்சம் வரிசையாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் தூரத்தில் இன்னும் இருட்டு. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

"அதோட போகல. செத்துப்போனவனோட அக்கா வந்தா. புத்னின்னு பேரு. ரயிலேறி வந்து, சோறு தண்ணி இல்லாம, அந்த மண்ணை வெறுங்கையால தோண்டினா. நகமெல்லாம் பிஞ்சுபோச்சு. பிள்ளையோட ஒரு வளையல் கிடைச்சாலும் சொல்லுங்கன்னு வீடு வீடாப் போயி நம்பர் குடுத்தா. எங்க வாசலுக்கும் வந்தா. உள்ள பிள்ளை அழுதுச்சு. யாரு பிள்ளைன்னு சைகையில கேட்டா." அரசி தவிட்டுப் பையை இறுக்கிக்கொண்டாள். "என் பிள்ளைன்னு சொன்னேன். அவ என் கையப் பிடிச்சு, நல்லாயிருக்கட்டும்னு பிள்ள இருந்த பக்கமா நெட்டி முறிச்சுட்டுப் போனா."

பனி விலகினது போல முழுப் பாதையும் தெரிந்தது. ஓடைக்கரையில் ஏழு கல். நடுவில் செண்பா, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோளிலும் முதுகிலும் காலிலும் வெளிச்சங்கள் அப்பியிருந்தன, கம்பளி போர்த்தின மாதிரி. அழுது முடித்த முகம். அம்மாவைப் பார்த்தாள். எழுந்து ஓடி வரவில்லை.

"செண்பா, வாடி கண்ணு, வீட்டுக்குப் போவோம்."

"அவளுக்குச் சொந்தக்காரி இருக்கிறாள்," என்றது குரல். "தேடினாள். எங்களுக்கு இன்றைக்குத்தான் பெயர் தெரிந்தது. அவள் வந்தால் அவள் கையில் ஒப்படைப்போம். நீ அவள் இல்லை."

"அவ எங்கயோ இருக்கா! வந்து சேரவே எத்தனை நாளாகும்? அதுவரைக்கும் பிள்ளை இந்தக் குளிர்ல என்னத்தச் சாப்பிடும்?"

"பூந்தேன் தருவோம். சூடு தருவோம். இருப்பாள்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அரசி இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். மான்குட்டியைப் பற்றிச் சொல்லுகிற மாதிரிச் சொன்னது. தன் கையால் எழுதின கறார், எதிரே உட்கார்ந்து தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறது. இதனோடு மல்லுக்கட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

காண்ட்ராக்டரின் செருப்பு ஞாபகம் வந்தது. தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறவர் பொருள் ஆக மாட்டார். மடியை அவிழ்த்துக் கொலுசை நீட்டினாள்.

"செண்பா, இது உன்னுதுடி. வாங்கிக்க. கையில வச்சுக்க, போதும்."

செண்பா கொலுசைப் பார்த்தாள். "அது உங்க பிள்ளைக்கு வாங்குனது," என்றாள்.

உங்க பிள்ளைக்கு. அரசிக்கு நெஞ்சைப் பிளந்தது போல இருந்தது. கொலுசு கையிலிருந்து நழுவி விழுந்தது. வளையல், ரிப்பன், செருப்பு, பள்ளிக்கூடத்துப் பை, எதை நீட்டினாலும் இதேதான் பதில். இந்தப் பிள்ளைக்கு இந்த உலகத்தில் தன்னுடையது என்று ஒரு பொருள் இல்லை. எல்லாமே அந்த ஒரு பொய்யின் பேரில் வாங்கினது. பொய்க்கு முன்னாலேயே அவளுக்கென்று ஆகிப்போனது ஏதாவது இருக்கிறதா? மண்ணும் சேறுமாகக் கிடந்ததைத் தூக்கி மாரோடு அணைத்தபோது, இன்னும் யாரிடமும் எதுவும் சொல்வதற்கு முன்னால், அந்த நிமிசத்தில்?

"அப்ப என்னைய எடுத்துக்கடி," என்றாள் அரசி. யோசித்துச் சொல்லவில்லை. அவளை மீறி வந்தது. "நீ எனக்குச் சொந்தமில்ல. அதை நான் இனி சொல்ல முடியாது. ஆனா நான் உனக்குச் சொந்தம். உன்னைய அந்தச் சேத்துலருந்து எடுத்த அன்னிக்கே ஆயிட்டேன். வேற யாருக்கும் நான் ஆகமாட்டேன்."

சோலை முழுக்க ரீங்காரம் எழுந்து அடங்கியது. குரலை உரசிப் பார்க்கிறார்கள் என்று அரசிக்குத் தெரியும்.

"பொய் இல்லை," என்றது குரல். "ஆனால் கொடுத்தால் மட்டும் போதாது. வாங்கிக்கொள்ள வேண்டும்."

எல்லா வெளிச்சமும் செண்பா பக்கம் திரும்பியது. "இவளை வாங்கிக்கொள்கிறாயா?"

பிள்ளை காலால் ஒரு சருகைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அரசிக்கு வேர்த்துக் கொட்டியது. அந்தக் குளிரில், அந்தப் பனியில், முதுகில் ஆறாக வேர்த்தது. வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"இனிமே பொய் சொல்லுவியா?" என்று கேட்டாள் செண்பா.

'மாட்டேன்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அரசி அதை விழுங்கினாள். "உன்னைய யாராவது கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு பயம் வந்தா சொல்லிருவேன்டி. எனக்கு என் மேல நம்பிக்கை இல்ல. நீதான் பாத்துக்கணும்."

வெளிச்சம் எதுவும் அணையவில்லை.

"அந்த அத்தையக் கூப்பிடுவியா?"

புத்னி வந்தால் என்ன ஆகும்? போலீஸ் வரும். தங்கதுரை வேலை போகும். அதெல்லாம் கிடக்கட்டும், வந்தவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலேறினால்?

"கூப்பிடுறேன்," என்றாள்.

செண்பா எழுந்தாள். வெளிச்சங்கள் அவள் மேலிருந்து உதிர்ந்து சுற்றிலும் மிதந்தன. நேரே வந்தவள், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், அவள் கையிலிருந்த துணிப்பையைப் பிடுங்கிக்கொண்டாள். ஏழு கல்லுக்கு முன்னால் போய்ப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"இந்தாங்க தவிடு," என்றாள். "எங்கம்மாவ நான் வாங்கிக்கிறேன்."

ரீங்காரம் ஒரு கணம் தயங்கியது. பிறகு சோலை முகப்புவரைக்கும், வலமும் இடமுமாக, வெளிச்சம் வரிசை கட்டி எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் காசி பிள்ளையைத் தூக்கிச் சுற்றினான், மறுபடி அழுதான், நாக்கை அறுத்துக்கொள்வேன் என்று சத்தியம் பண்ணினான். தங்கதுரை ஒரு மூலையில் உட்கார்ந்து பேயறைந்த மாதிரி இருந்தான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அரசியின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். சூடாகப் பால் குடித்துவிட்டு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு, செண்பா வந்து அரசியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் அரசியின் போன்.

"போடும்மா."

"நாளைக்குப் போடுவோமாடி? இன்னிக்குத்தான் வந்திருக்க. ஒரு ராத்திரி தூங்கி எந்திரி."

"இப்பவே போடு. நீ எனக்குச் சொந்தம்ல? நான் சொன்னாக் கேக்கணும்."

அரசி போனை வாங்கினாள். புத்னி கொடுத்த நம்பரை அவள், யாருக்கும் சந்தேகம் வராதபடி, 'கேஸ் சிலிண்டர்காரர்' என்று பேர் போட்டு வைத்திருந்தாள். அழிக்கவும் மனசு வந்ததில்லை, பார்க்கவும் தைரியம் வந்ததில்லை. நம்பர் மாறியிருக்காதா என்று ஒரு ஆசை. மாறியிருக்கக் கூடாது என்று இன்னொரு பக்கம். இரண்டும் உண்மைதான். அழுத்தினாள். மணி அடித்தது. ரொம்ப நேரம் அடித்தது. செண்பா அவள் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வாசல் ஆரஞ்சு மரத்துக்குக் கன்னிமார் திரும்பி வந்திருந்தார்கள். கிளை முழுக்க வெளிச்சம். ஆனால் ஒருவரும் வேலையைத் தொடங்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பக்கம் எடுத்தார்கள். ஒரு பெண் குரல், களைத்த குரல். "ஹலோ?"

அரசி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், "உங்க பிள்ளை என்கிட்ட இருக்கு," என்றாள்.